பறக்கும் முன் லைசன்ஸா, போய்ச் சேர்ந்த பிறகா?

போன மாதம் கொட்டகலையிலிருந்து அக்காவின் மகன் வந்திருந்தான். கையில் புதுப் பாஸ்போர்ட். டுபாயில் டெலிவரி வேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம், ஐந்தாறு மாதத்தில் போய்விடலாம் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருக்கிறார். டீயைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "மாமா, இங்கே லைசன்ஸ் எடுக்கக் காசு போடவா, இல்லாட்டி அந்தக் காசை வச்சிக்கிட்டு அங்கே போய் எடுக்கவா? எப்படியும் அங்கே புதுசாத்தான் எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்களே?"

நல்ல கேள்வி. இதே கேள்வியை இந்த வருடம் என்னிடம் கேட்ட மூன்றாவது ஆள் அவன். இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போகவிருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். குடும்பத்தோடு கனடாவுக்குக் குடியேறக் காத்திருக்கும் என் சிநேகிதரும் கேட்டார். நான் ஒன்பது வருடம் டுபாயில் வேன் ஓட்டிவிட்டு வந்து, இப்போது ஹட்டனில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். அதனால் என்னிடம் கேட்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. போகிற நாட்டைப் பொறுத்து கணக்கு மாறுகிறது. அதையெல்லாம் விசாரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் முன்னால் இருக்கும் வழி மூன்று. இங்கே இலங்கையிலேயே லைசன்ஸ் எடுத்துவிட்டுப் போவது. ஒன்றும் இல்லாமல் போய் அங்கே முதலிலிருந்து தொடங்குவது. இங்குள்ள லைசன்ஸை வைத்து இன்டர்நேஷனல் பர்மிட் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அதை வைத்தே காலத்தை ஓட்டுவது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சில நாட்டு லைசன்ஸ்களைக் கொடுத்தால் டுபாயில் பரீட்சை இல்லாமலே மாற்றிக் கொடுப்பார்கள். இங்கிலாந்திலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல் எதிலும் இலங்கை இல்லை. ஆகவே "அங்கே போனதும் மாத்திக் குடுப்பாங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

என் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று விளங்கும். 2011இல் நான் போகும்போது என்னிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் மட்டும். தோட்டத்து லொறியை உள்வீதியில் ஓட்டிப் பழகியிருந்தேன், ஆனால் கடதாசி கிடையாது. கூட்டிப் போனவர்கள் அதெல்லாம் பிரச்சினை இல்லை என்றார்கள். போய் இறங்கியபின் கம்பெனி என்னை ஹெல்பராக வைத்தது. வேறொருவர் ஓட்டும் வேனில் பெட்டி தூக்கினேன். ஹெல்பர் சம்பளம்தான் வந்தது. அதிலிருந்தே டிரைவிங் ஸ்கூல் காசையும் மாதாமாதம் வெட்டினார்கள். வீதிப் பரீட்சையில் மூன்று தடவை தோற்று, நான்காவது தடவை பாஸ் ஆனேன். ஒவ்வொரு தோல்விக்கும் கட்டாயம் கூடுதல் வகுப்பு, அதற்கு மறுபடியும் காசு. லைசன்ஸ் கைக்கு வரும்போது பதினோரு மாதம் போய்விட்டது. அந்தப் பதினோரு மாதம் வீட்டுக்கு நான் அனுப்பிய பணம் மிகக் குறைவு. அம்மா அந்த நேரத்தில் கொழுந்து எடுத்துத்தான் தங்கச்சியின் படிப்புச் செலவைப் பார்த்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது.

சரி, இப்போது டுபாய் நிலைமை என்ன? அங்கே குடியிருப்பு விசா கிடைத்த பிறகு உள்ளூர் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடாது. கண் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை, பார்க்கிங் பரீட்சை, வீதிப் பரீட்சை என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே செய்யலாம், அது நம் ஆட்களுக்குப் பெரிய ஆறுதல். வகுப்பு எத்தனை மணித்தியாலம் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். கையில் லைசன்ஸே இல்லாதவருக்கு 20 மணித்தியாலம். சொந்த நாட்டு லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் தாண்டியவருக்கு 15. ஐந்து வருடம் தாண்டியவருக்கு 10. எல்லாம் அட்டையில் போட்டிருக்கும் திகதியைப் பார்த்துத்தான்.

இதனால்தான் நான் இளம் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வெளிநாட்டுப் பேச்சு வீட்டில் வருவதற்கு முன்பே, பதினெட்டு வயது முடிந்ததும் லைசன்ஸை எடுத்துவிடுங்கள். அட்டை அலுமாரியில் சும்மா கிடந்தாலும் அந்தத் திகதிக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும். எட்டு வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக்கூடாது.

அப்படியென்றால் ஐந்து மாதத்தில் பறக்கப்போகும் என் மருமகனுக்கு என்ன லாபம்? மணித்தியாலக் கணக்கில் லாபம் இல்லை. அதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். புது லைசன்ஸோடு போனாலும் 20 மணித்தியாலம்தான். ஆனால் 2023இல் டுபாயில் 'கோல்டன் சான்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சொந்த நாட்டு லைசன்ஸ் இருந்து, அது நேரடியாக மாற்றக்கூடிய பட்டியலில் இல்லாவிட்டால், வகுப்புக்குப் போகாமலே எழுத்துப் பரீட்சையையும் வீதிப் பரீட்சையையும் ஒரே ஒரு தடவை முயற்சி செய்யலாம். பாஸ் ஆனால் சில ஆயிரம் திர்ஹம் மிச்சம். தோற்றால் எல்லாரையும் போல வகுப்பில் சேர வேண்டும். வீதியில் நன்றாக ஓட்டிப் பழகியவருக்கு அது வாய்ப்பு. லைசன்ஸ் எடுத்த கையோடு விமானம் ஏறியவர் அதில் காசைப் போடுவது சரியில்லை என்பது என் கருத்து. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஆறு வரிசையில் வாகனம் பறக்கும், நம்முடைய ஹட்டன் டவுனோடு அதை ஒப்பிடவே முடியாது.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கேட்க மறக்கும் இன்னொன்று: லைசன்ஸ் செலவு யாருடையது? இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். லைசன்ஸ் கிடைக்கும்வரை என்ன வேலை, என்ன சம்பளம் என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யும்போது ஒப்பந்தக் கடதாசி கையில் இருக்கும். அதில் 'டிரைவர்' என்று இருக்கிறதா, 'ஹெல்பர்' என்று இருக்கிறதா என்று நீங்களே வாசியுங்கள். நான் அன்றைக்கு வாசிக்கவில்லை.

வீட்டு வேலைக்கு மட்டுமே போவது என்று இருந்த பெண்களுக்கும் ஒரு வார்த்தை. சவூதியில் 2018 ஜூன் மாதம் முதல் பெண்கள் வாகனம் ஓட்டலாம். தோட்டத்திலிருந்து போகும் ஒரு பெண்ணின் கையில் லைசன்ஸ் இருந்தால் அடுக்களைக்கு வெளியிலும் ஒரு வேலையைக் கேட்க முடியும். ஆண்பிள்ளைக்குச் செலவழிக்கிற காசைப் பெண்பிள்ளைக்கும் செலவழியுங்கள்.

இப்போது இங்கிலாந்துக் கணக்கைப் பாருங்கள். அங்கே நிலைமை அப்படியே தலைகீழ். அங்கே அட்டையின் வயதைக் கேட்கவே மாட்டார்கள். செல்லுபடியாகும் இலங்கை லைசன்ஸ் ஒன்று கையில் இருந்தால், குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்தே கார் ஓட்டலாம். பக்கத்தில் யாரும் உட்கார வேண்டியதில்லை, எல் பலகை மாட்ட வேண்டியதில்லை. அதே ஆள் லைசன்ஸ் இல்லாமல் போனால், முதலில் ப்ரொவிஷனல் என்ற பழகுநர் லைசன்ஸை எடுத்து, எல் பலகை மாட்டி, 21 வயது தாண்டி மூன்று வருடமாவது லைசன்ஸ் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட முடியும். புது ஊரில், ஆள் அறிமுகம் இல்லாத இடத்தில், அப்படி ஒருவரை எங்கே தேடுவது? இரவு ஷிப்ட் முடிந்து அதிகாலையில் வீடு திரும்ப வேண்டிய ஒரு நர்ஸுக்கு அந்த 12 மாதம் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் பழகவும் அதிக நாள் எடுக்காது. புது டிரைவர் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கூடுதலாகக் கேட்பார்கள், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த 12 மாதத்தை ஓய்வு என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். அது முடிந்த மறுநாள் இலங்கை அட்டை அங்கே செல்லாது. அதற்குள் ப்ரொவிஷனலுக்கு விண்ணப்பித்து, எழுத்துப் பரீட்சையில் 50 கேள்விக்கு 43 சரியாகச் சொல்லி, வீதியில் வரும் ஆபத்தை வீடியோவில் கண்டுபிடிக்கும் பகுதியில் 75க்கு 44 எடுத்து, அப்புறம் ஓட்டப் பரீட்சையையும் முடிக்க வேண்டும். ஓட்டப் பரீட்சைக்கு நாள் கிடைக்கவே பல மாதம் காத்திருக்கிறார்கள். ஆகவே போய் வீடு பிடித்த முதல் மாதத்திலேயே ப்ரொவிஷனலுக்குப் போட்டுவிட வேண்டும். இணையத்தில் 34 பவுண். எழுத்துப் பரீட்சைக்கு 23, வார நாளில் ஓட்டப் பரீட்சைக்கு 62. ஒரு காலத்தில் அந்த எழுத்துப் பரீட்சையைத் தமிழ்க் குரலில் கேட்டுச் செய்ய வசதி இருந்தது. 2014 ஏப்ரலோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலம், இல்லையென்றால் வேல்ஸ் மொழி. வீதிச் சட்டத்து ஆங்கிலச் சொற்களை இங்கிருக்கும்போதே படித்துக்கொண்டு போவது நல்லது.

இங்கிலாந்தில் இன்னொரு பிடி இருக்கிறது. ஓட்டோ கியர் வண்டியில் பாஸ் ஆனால் ஓட்டோ வண்டி மட்டும்தான் ஓட்டலாம். கியர் வண்டியில் பாஸ் ஆனால் இரண்டும் ஓட்டலாம். டுபாயிலும் அதே முறை. டெலிவரி வேன், லொறி என்று தேடிப் போகிறவருக்குக் கியர் தெரியாவிட்டால் பாதிக் கதவு மூடிவிடும். ஒன்டாரியோவில் சாதாரண கார் லைசன்ஸுக்கு இந்த வேறுபாடே இல்லை.

சிநேகிதர் போகும் ஒன்டாரியோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குடியேறிய பிறகு நம் லைசன்ஸை வைத்து 60 நாள் ஓட்டலாம், அவ்வளவுதான். அங்கே லைசன்ஸ் மூன்று படி: ஜீ1, ஜீ2, கடைசியில் முழு ஜீ. ஒன்றுமில்லாமல் போகிறவர் ஜீ1 எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதிப் பாஸ் ஆகலாம், ஆனால் அடுத்த பரீட்சைக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். அங்கீகரித்த வகுப்பு ஒன்றில் படித்தால் 8 மாதம். முழு ஜீ எடுக்க அதற்கு மேலும் ஒரு வருடம். இங்கே ஒரு வருடத்துக்கு மேல் லைசன்ஸ் வைத்திருந்தவர் அந்தக் காத்திருப்பே இல்லாமல் ஜீ2 ஓட்டப் பரீட்சைக்குப் போகலாம். கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடமாவது லைசன்ஸோடு ஓட்டியவர் நேராக முழு ஜீ ஓட்டப் பரீட்சைக்கே போகலாம். இதற்கு லைசன்ஸ் கொடுத்த திணைக்களத்திடமிருந்தோ தூதரகத்திடமிருந்தோ உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு இங்கே இருக்கும்போதே ஏற்பாடு செய்வது, அங்கே குளிரில் நின்றுகொண்டு ஊரில் ஒருவரை வெரஹெர லைசன்ஸ் கந்தோருக்கு அலைய விடுவதைவிட எவ்வளவோ மேல்.

சிநேகிதரிடம் 2006இல் எடுத்த லைசன்ஸ் இருக்கிறது. அவர் மனைவியிடம் இல்லை. விசா வர இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும் என்று நினைக்கிறார்கள். அந்த வீட்டில் இப்போது லைசன்ஸ் எடுக்க வேண்டியவர் மனைவிதான் என்று நான் சொன்னேன். அவர் இன்றைக்கு எடுத்தால் போய் இறங்கும்போது ஒரு வருடம் தாண்டியிருக்கும். அவர்கள் போகும் ஸ்கார்பரோவில் பனிக்காலத்தில் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோக அப்பா வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை வராது.

மூன்றாவது வழியான இன்டர்நேஷனல் பர்மிட்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் அதைத் தருகிறது. அது தனியாக ஒரு லைசன்ஸே இல்லை. நம் லைசன்ஸில் உள்ளதை வேறு மொழிகளில் எழுதிக் காட்டும் கடதாசிப் புத்தகம், ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். சுற்றுலாவாகப் போகிறவருக்கு உதவும். குடியிருப்பு விசாவில் டுபாய் போகிறவருக்கு வேலைக்கு உதவாது. ஒன்டாரியோவின் 60 நாளை அது நீட்டாது. இங்கிலாந்தின் 12 மாதத்தையும் கூட்டாது. அதை வைத்துக்கொண்டு வேலைக்கு ஓட்டி, ஏதாவது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். அப்போது வழக்கும் நம் தலையில், கடனும் நம் தலையில். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

ஆக, உண்மையான போட்டி முதல் இரண்டு வழிகளுக்கு இடையில்தான். அங்கே போய் எடுக்கிற பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அங்கே ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பார்கள். ரவுண்டபோட்டில் எப்படி நுழைவது, ஹைவேயில் எப்படிச் சேருவது, வரிசை மாறும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பது எல்லாம் அங்கேதான் எனக்குப் பழக்கமானது. நம் மலைப்பாதையில் அதற்கெல்லாம் இடமே இல்லை. வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துப் பழகிய என் கையை அடக்கவே டுபாய் வாத்தியார் இரண்டு கிழமை பாடுபட்டார். மலையில் ஹோர்ன் அடிக்காமல் வளைவு எடுத்தால் எதிரே வருகிற பஸ்காரருக்கு நாம் இருப்பதே தெரியாது. அங்கே காரணமில்லாமல் ஹோர்ன் அடித்தால் பரீட்சகர் குறித்துக்கொள்வார்.

அதே நேரம், மலையில் பழகியவனுக்கு இருக்கும் ஒரு பலம் சமவெளியில் பழகியவனுக்குக் கிடையாது. கினிகத்தேனை ஏற்றத்தில் முன்னால் போகிற லொறி திடீரென்று நின்றால், பின்னால் பஸ் முட்ட நிற்கும்போது ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல் கிளச் பேலன்ஸில் வண்டியை எடுக்கிற ஆள், உலகத்தில் எந்த மேட்டிலும் வண்டியை எடுப்பான். றம்பொடைப் பக்கம் இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் சூடேறிப் பிடிக்காமல் போகும், கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு லேர்னர்ஸில், அதாவது டிரைவிங் ஸ்கூலில், சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரியும். நானுஓயா மூடுபனியில் எந்த வேகத்தில் போகலாம் என்பதும் அப்படித்தான். மலைப்பாதையில் விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ராதெல்ல குறுக்குவீதியில் ஏழு பேர். 2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கு மேற்பட்டோர். அந்தப் பாதையால் நான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் நாட்களில் வாய்பேசாமல்தான் போவேன்.

அதனால் இங்கே எடுப்பதென்றால் உண்மையாகவே ஓட்டிப் பழகி எடுக்க வேண்டும். காசைக் கொடுத்தால் ட்ரயலில், அதாவது ஓட்டப் பரீட்சையில், எப்படியும் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அப்படி எடுத்த அட்டையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் முதல் நாளே தனியாக ஓட்டச் சட்டம் அனுமதிக்கும். சட்டம் அனுமதிப்பதால் கைக்கு ஓட்ட வந்துவிடாது.

இனி கடதாசி விஷயம். மலையகத்து ஆட்களுக்கு லைசன்ஸ் எடுப்பதில் மிகவும் சிக்கலான இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், ட்ரயல்கூட இல்லை. நம் பெயர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார், பதிவுக் கந்தோரில் இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார், ஸ்கூலில் வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதினார். 'செல்வம்' என்ற ஒரே பெயருக்கு நடுவில் ஒரு கடதாசியில் 'வீ', இன்னொரு கடதாசியில் 'டபிள்யூ'. அப்பாவின் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் வெறும் இனிஷியல். ஊருக்குள் இதனால் பெரிய வில்லங்கம் இல்லை. வெளிநாட்டில் லைசன்ஸ் கவுன்டரில் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு எழுத்து மாறினாலும் "இது வேறு ஆள்" என்று திருப்பி அனுப்பலாம். அப்போது நீங்கள் காத்து வளர்த்த திகதி, அனுபவம் எல்லாமே ஒரு எழுத்தில் போய்விடும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பிறப்பத்தாட்சிப் பத்திரம், அப்புறம் அடையாள அட்டை, அப்புறம் பாஸ்போர்ட். மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் விசாரித்துத் திருத்தி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு லைசன்ஸுக்கு விண்ணப்பியுங்கள். முதலில் லைசன்ஸ் எடுத்துவிட்டுப் பெயரைத் திருத்தப் போனால் இரட்டை வேலை.

அடுத்தது விலாசம். அட்டை தபாலில்தான் வருகிறது. லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லாத தோட்டங்களில் கடிதம் எல்லாம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்துவிடப்படும். இப்படி வந்த முக்கியமான கடிதங்கள் எத்தனை காணாமல் போயிருக்கின்றன என்று எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கேட்கலாம். டவுனில் நம்பிக்கையான உறவினர் வீடோ கடையோ இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே அந்த விலாசத்தைக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் வெரஹெரவுக்கே போய் ஒருநாள் சேவையில் எடுப்பதை யோசியுங்கள். ஹட்டனிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடிய நேரத்தோடு வரிசையில் நிற்கலாம்.

அட்டைத் தட்டுப்பாட்டினால் சில வருடங்களாகப் பலருக்குக் கடதாசியில்தான் தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். இங்கே பொலிஸார் அதை ஏற்றுக்கொள்வார்கள். வெளிநாட்டுக் கவுன்டரில் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு நிற்பது நல்லதல்ல. பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டி, வெளிநாடு போகிறேன் என்று சொல்லி அட்டையைக் கேளுங்கள். அட்டை கையில் வந்த பிறகே டிக்கெட் போடுவது பாதுகாப்பு.

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் மெடிக்கல், அப்புறம் எழுத்துப் பரீட்சை. அதைத் தமிழிலேயே எழுதலாம். எழுத்துப் பரீட்சை பாஸ் ஆகி எல் போட் கிடைத்து மூன்று மாதமாவது போன பிறகே ட்ரயல். ஆக, இன்றைக்குத் தொடங்கினாலும் நான்கு மாதத்துக்குள் முடிப்பது கஷ்டம். இரண்டு மாதத்தில் விமானம் என்றால் இங்கே தொடங்கவே வேண்டாம். அந்தக் காசை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே வகுப்பில் சேருங்கள். போகிற இடம் லண்டன் நகரத்துக்குள், வேலையும் ரயில் பாதை ஓரம் என்றாலும் அவசரப்படத் தேவையில்லை. இந்த இரண்டு நிலைமையிலும் இரண்டாவது வழிதான் சரி.

நர்ஸ் பிள்ளைக்கு நான் சொன்னது: பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டி வந்தாலும் தள்ளிப்போட்டு, கியர் வண்டியில் லைசன்ஸை எடுத்துக்கொண்டு போ. மூன்று பேரில் அதிக லாபம் அவளுக்குத்தான். சிநேகிதரின் மனைவி போன கிழமை லேர்னர்ஸில் சேர்ந்துவிட்டார், கடிதத்துக்கு அலைவதைச் சிநேகிதர் பார்த்துக்கொள்வார்.

மருமகனுக்குத்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. டுபாய்க் கணக்கை மட்டும் பார்த்தால் இங்கே எடுப்பதால் அவனுக்கு உடனே மிச்சம் ஏதும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் டுபாயோடு நிற்பதில்லையே. மூன்று, நான்கு வருடத்தில் அங்கிருந்து கட்டார், கனடா என்று போகிறார்கள், இல்லையென்றால் ஊருக்கு வந்து வேன் ஒன்று வாங்குகிறார்கள். அன்றைக்கு அட்டையில் இருக்கும் பழைய திகதி அவனுக்கு வேலை செய்யும். அதோடு, ஏற்றத்தில் வண்டி எடுக்கத் தெரிந்தவனாக டுபாய் வகுப்புக்குப் போனால் என்னைப் போல மூன்று தடவை தோற்க மாட்டான். "இங்கே எடு. கியர் வண்டியில் எடு. ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னே என்னிடம் கொண்டுவா" என்றேன்.

பையைத் திறந்து அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசையில் வைத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. திங்கட்கிழமை ஸ்கூல் ட்ரிப் முடிந்ததும் இருவருமாகப் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.